அக்கறையோடு அனுப்பிய பொய்

2018ஆம் ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே உள்ள அத்திமூரில் 65 வயதுப் பெண் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். உறவினர்களோடு குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். மலேசியாவிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்களும் அந்த வண்டியில் இருந்தார்கள். வழி கேட்க நிறுத்திய இடத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தனர். அவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். வடமாநிலத்திலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற செய்தி அதற்கு முந்தைய நாட்களில் அந்த வட்டாரம் முழுவதும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடியது. விசாரிக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. உடன் சென்றவர்களும் படுகாயமடைந்தார்கள்.

அந்தச் செய்தியை முதலில் எழுதியவர் யாராகவும் இருக்கட்டும். அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கொலைகாரர்கள் இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளையை நினைத்துப் பயந்த அம்மாக்கள், பேரக்குழந்தைகளை நினைத்துக் கவலைப்பட்ட தாத்தாக்கள், தங்கை வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைப்போம் என்று எண்ணிய அண்ணன்மார்கள். எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்ற அக்கறையில் அனுப்பினார்கள். அவர்களில் யாரும் ஓர் உயிர் போக வேண்டும் என்று விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஓர் உயிர் போயிற்று.

தொழில்நுட்பம் மனித உறவுகளை வளர்க்கிறதா, சிதைக்கிறதா என்று பட்டிமன்ற மேடைகளில் பல ஆண்டுகளாக வாதாடுகிறோம். இரண்டு அணியும் பேசி முடித்த பிறகு, எல்லாம் பயன்படுத்துகிறவர் கையில்தான் இருக்கிறது என்று நடுவர் தீர்ப்புச் சொல்வார், கைதட்டிவிட்டுக் கலைவோம். அத்திமூரில் நடந்தது அந்தத் தீர்ப்போடு நம்மை நிறுத்திக்கொள்ள விடாது. அங்கே கருவியைப் பயன்படுத்தியவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள். கெட்ட எண்ணமே இல்லாதவர்களின் கை வழியாக ஒரு கொலை நடக்க முடியுமானால், பொறுப்பு யாருடையது?

முதலில் நன்மையின் பக்கத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ கட்டட வேலை பார்க்கும் தகப்பன், பிறந்து சில நாளே ஆன தன் குழந்தையின் முகத்தை அன்றிரவே பார்க்கிறான். ஒரு தலைமுறைக்கு முன் அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு கடிதமும், ஒரு மாதம் கழித்து ஒரு புகைப்படமும்தான். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு சென்னை நீரில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எந்த வீட்டில் தங்க இடம் இருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கும் என்ற தகவல்களை முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கைப்பேசி வழியாகச் சேர்த்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தவித்தபோதும் உதவி கேட்ட குரல்கள் இதே வழியில்தான் வந்து சேர்ந்தன. கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். அத்திமூருக்கும் கேரள வெள்ளத்துக்கும் இடையில் மூன்றே மாதம். கருவி ஒன்றுதான், மனிதர்களும் ஒரே மாதிரியானவர்கள்தான்.

அப்படியானால் வதந்தி புதிதா? இல்லை. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்ற பேச்சு ஒரே நாளில் நாடு முழுவதும் பரவியது. அன்று வாட்ஸ்அப் கிடையாது. தொலைபேசியும் வாய்ப்பேச்சும் போதுமானவையாக இருந்தன. வதந்திக்குக் கருவியைக் குறை சொல்லாதீர்கள் என்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை அறிய, இன்றைய செய்தி எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஊரில் ஒருவர் வந்து ஒரு சங்கதி சொன்னால், கேட்பவர் சொல்பவரின் முகத்தைப் பார்ப்பார். யார் சொன்னது, எப்போது நடந்தது என்று இரண்டு கேள்வி கேட்பார். சொல்பவர் புளுகர் என்று பெயரெடுத்தவராக இருந்தால் காதோடு விட்டுவிடுவார். கைப்பேசியில் வரும் செய்தி இந்தச் சோதனைகளைக் கடந்துவிடுகிறது. அதைப் புனைந்தவர் யாரென்று தெரியாது. ஆனால் நம் கைக்கு அதைத் தருவது நமக்கு மிகவும் வேண்டியவர். அத்தை அனுப்பியது பொய்யாக இருக்கும் என்று யார் நினைப்பார்? முகமறியாத ஒருவரின் பொய் அத்தையின் அன்பை அணிந்துகொண்டு வீட்டுக்குள் நுழைகிறது. தொழில்நுட்பம் உறவுகளை அழிக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இங்கே நடப்பது அதைவிட வருத்தத்துக்குரியது: உறவுகள் உயிரோடிருப்பதால்தான், அவற்றில் நம்பிக்கை மிச்சமிருப்பதால்தான், பொய் இவ்வளவு வேகமாக ஓடுகிறது.

காணொளி சேர்ந்துகொண்டால் சந்தேகம் அறவே போய்விடுகிறது. 2018இல் இந்தியா முழுவதும் சுற்றிய பிள்ளை பிடிக்கும் காணொளிகளில் ஒன்று பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள். உண்மையில் அது குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். இறுதியில் சிறுவனைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, குழந்தையைக் கடத்துவது எவ்வளவு எளிது என்ற எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். யாரோ அந்த இறுதிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். குழந்தைகளைக் காக்கப் பிறந்த படம், சில நொடிகளை இழந்ததும் அப்பாவிகளைக் கொல்லும் காரணங்களில் ஒன்றாயிற்று.

கருவியை வடிவமைப்பவருக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. நாட்டின் பல பகுதிகளில் இப்படிக் கொலைகள் நடந்து, அரசும் மக்களும் கேள்வி கேட்ட பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியது. அதன் பிறகு அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. ஒரு சிறிய தடை இவ்வளவு செய்யுமென்றால், அந்தத் தடை இல்லாமல் கருவியை ஊருக்குள் விட்டதும் ஒரு முடிவுதான். அந்த முடிவுக்குச் சிலர் உயிரைக் கொடுத்தார்கள். கருவி நடுநிலையானது என்ற வாதம் இங்கே தோற்கிறது.

ஆனால் நிறுவனத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு மற்றவர்கள் விலகிக்கொள்ள முடியுமா? ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. பொய்ச் செய்தி உண்மைச் செய்தியைவிட மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என்று அது கண்டது. தானியங்கிக் கணக்குகள் பொய்யையும் மெய்யையும் ஒரே அளவில்தான் பரப்பின. பொய்யை முந்த வைத்தவர்கள் மனிதர்கள். புதுமையும் அதிர்ச்சியும் நம் விரலை இழுக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று பழி சுமத்தப்பட்டு அடிபட்டவர்கள் யார்? வேற்று மொழி பேசியவர்கள், வழிப்போக்கர்கள், மனநலம் குன்றி அலைந்தவர்கள், நாடோடிகள். 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரெயின்பாடாவில் கொல்லப்பட்ட ஐவரும் ஊர் ஊராகச் சென்று யாசித்து வாழும் நாடோடிச் சமூகத்தினர். செல்வாக்குள்ளவர்கள் இந்தச் சந்தேகத்துக்கு ஆளானது அரிது. வதந்தி வெறும் நிலத்தில் முளைப்பதில்லை. அந்நியரைப் பற்றி நெஞ்சில் ஏற்கெனவே இருக்கும் அச்சமும் இளக்காரமும்தான் அதற்கு உரம். அதே நஞ்சு தமிழ்நாட்டை நோக்கியும் திரும்பியது. தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று 2023 மார்ச்சில் தொடர்பற்ற காணொளிகள் பரப்பப்பட்டன. திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் சிலர் பயந்து ரயிலேறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நிலைமையை நேரில் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஓர் ஊரின் மீது பொய்ப்பழி விழுந்தால் எப்படி வலிக்கும் என்பதை அப்போது நாம் அறிந்தோம். அந்த வலி, இன்னொருவர் மீது பழி போடும் செய்தி கைக்கு வரும்போதும் நினைவுக்கு வர வேண்டும்.

இனி அந்தக் கேள்விக்கு வரலாம்: தீங்கு நினைக்காமல் அனுப்பியவர் தீங்குக்குப் பொறுப்பாவாரா?

ஆவார். ஒரு செய்தியைப் பிறருக்கு அனுப்புவது அதை ஏற்று ஆதரிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல், வேறொரு வழக்கில், சொல்லியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, அறமும் அதையே சொல்கிறது. ஒரு செய்தியை அனுப்பும்போது அதோடு நம் பெயரையும், நம்மீது பிறர் வைத்திருக்கும் மதிப்பையும் சேர்த்தே அனுப்புகிறோம். பெறுபவர் நம்புவது அந்த மதிப்பைத்தான். நல்லெண்ணம் குற்றத்தின் அளவைக் குறைக்கலாம், பொறுப்பை நீக்காது. திருவள்ளுவர் புறங்கூறாமையையும் பயனில சொல்லாமையையும் இல்லறவியலில் வைத்தார். நாவடக்கம் துறவிகளுக்கு மட்டுமான நோன்பு என்று அவர் ஒதுக்கவில்லை. குடும்பம் நடத்துகிறவரின் அன்றாடக் கடமைகளோடு சேர்த்தார். யார் சொன்னாலும் மெய் எது என்று ஆராய்வதை அறிவாகக் கொண்டவர் அவர். குடும்பக் குழுக்களுக்கு இதைவிடப் பொருத்தமான நெறி இல்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ‘ஒருவேளை செய்தி உண்மையாக இருந்தால்? நான் சொல்லாமல் விட்டதால் ஒரு குழந்தைக்கு ஆபத்து வந்தால்?’ என்று ஒரு தாய் கேட்கலாம். அந்தப் பயத்தை ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் ஆபத்து உண்மையென்று அவர் நம்பினால் முதலில் தெரிய வேண்டியது காவல் துறைக்கு. அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்ற எண்கள் இருக்கின்றன. அங்கே சொல்லத் தயங்கும் ஒரு செய்தியை ஐம்பது பேருக்கு அனுப்பத் தயங்கவில்லை என்றால், அதன் உண்மையில் நமக்கே முழு நம்பிக்கை இல்லை என்றுதான் பொருள். இடம், நாள், காவல் நிலையம் எதுவும் இல்லாத எச்சரிக்கை எந்தக் குழந்தையையும் காப்பாற்றாது. அது செய்வது ஒன்றே: அடுத்து ஊருக்குள் வரும் அந்நியரைச் சந்தேகத்துக்கு உரியவராக்குவது.

பிறகு மறுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் வீண். 2018 ஜூனில் திரிபுராவில், பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வதந்தியை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க அரசு அமர்த்திய ஒருவரையே கூட்டம் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொன்றது. பயம் முற்றிய பிறகு உண்மையைக் கேட்கும் காது இருப்பதில்லை. நிறுத்த வேண்டிய இடம் முதல் கைதான்.

கடைசியாக, உறவுகளுக்குள்ளேயே எழும் சங்கடம். குடும்பக் குழுவில் பெரியப்பா ஒரு பொய்ச் செய்தி போடுகிறார். கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு அது பொய்யென்று தெரியும். எல்லார் முன்னிலையிலும் மறுத்தால் பெரியவரை அவமதித்ததாகும். பேசாமல் இருந்தால் பொய் பரவும். பெரும்பாலான வீடுகளில் மௌனமே வெல்கிறது. இந்த மௌனத்தை மரியாதை என்று சொல்வது சரியல்ல. பெரியவர் பெயரால் ஒரு பொய் ஊருக்குள் உலவ விடுவதைவிட அவருக்கு வேறென்ன அவமதிப்பு இருக்க முடியும்? தனியாகக் கூப்பிட்டு, ‘பெரியப்பா, இது பழைய வீடியோ, நம்ம ஊர்ல நடந்தது இல்ல. நீங்களே குரூப்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்’ என்று சொல்லலாம். அவர் மனத்தாங்கல் கொள்ளலாம்; சில நாள் பேசாமலும் இருக்கலாம். அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். பெரியவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. இளையவர் திருத்தும்போது அதை ஏற்று, தவறென்று குழுவிலேயே சொல்லும் மூத்தவரின் மதிப்பு அந்த வீட்டில் உயரும்.

தொழில்நுட்பம் நம்மை நெருங்க வைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் நமக்கு வேண்டியவர்களை மட்டுமே நெருங்க வைத்து, வழி கேட்டு வரும் அந்நியரைப் பகைவராக்கும் நெருக்கத்தை நன்மைக் கணக்கில் எழுத முடியாது. தன் பிள்ளைமீது வைக்கும் அக்கறை, அந்தப் பிள்ளைக்குச் சாக்லேட் நீட்டும் யாரோ ஒரு பாட்டியின் உயிரையும் கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் அது அறமாகும். ஆகவே உறுதி தெரியாத எச்சரிக்கை கைக்கு வந்தால் அதை உங்களோடு நிறுத்துங்கள். அனுப்பிய பிறகு பொய்யென்று தெரிந்தால், அனுப்பிய அத்தனை பேரிடமும், அனுப்பிய அதே இடத்தில், தவறு என்று சொல்லுங்கள். சட்டமும் நிறுவனங்களும் தங்கள் பங்கைச் செய்யட்டும். இந்த இரண்டையும் நமக்காக அவர்கள் செய்துதர முடியாது.