காசு கட்டி முடித்த பிறகும்

தமிழில் ‘சொந்தக்காரர்’ என்று மொட்டையாகச் சொன்னால் யாரைச் சொல்கிறோம் என்று தெரியாது. கடைக்குச் சொந்தக்காரர் என்றால் கடை அவருடையது. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர் என்றால் மாமாவோ சித்தப்பாவோ. மலாயில் ஒருவர் ‘பெமிலிக்’, மற்றவர் ‘சவுடாரா’, குழப்பமே கிடையாது. நாம்தான் உடைமையையும் உறவையும் ஒரே சொல்லுக்குள் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு பொருளை ‘என்னுடையது’ என்று சொல்லும்போது இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம் என்று நினைக்கிறேன். இன்று கடையில் வாங்கும் பொருட்களில் இரண்டுமே மெல்லக் கழன்றுகொண்டிருக்கின்றன.

நான் லெம்பா பெர்த்தாம் ஆள். ரிங்லெட்டைத் தாண்டி, சுல்தான் அபு பக்கார் அணைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தாக்கு. தேயிலைக்காகக் கேமரன் மலை ஏறி வருபவர்கள் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. இங்கே சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். தக்காளி போடும் ஓர் அண்ணன், உரம் கலந்த தண்ணீரை நேரம் பார்த்துச் செடிக்கு விடும் கருவி ஒன்றை முழுப் பணமும் கொடுத்து வாங்கினார். கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது வருஷம் விற்றவர்கள் அந்தச் சேவையை மூடிவிட்டார்கள். திறந்து பார்த்தேன். மோட்டார் நன்றாக இருந்தது, வால்வு நன்றாக இருந்தது, போர்டில் ஒரு கீறல் இல்லை. ஆனால் கரண்ட் போய்த் திரும்பும்போதெல்லாம் அந்தப் பெட்டி எங்கோ இருக்கும் சர்வரிடம் அனுமதி கேட்கும். பதில் வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும். மென்பொருளை யாரும் தொட முடியாதபடி பூட்டியிருந்தார்கள்.

“காசு முழுசா கட்டியாச்சு தம்பி. அப்புறம் எதுக்கு இது அவன்கிட்ட போயி பர்மிஷன் கேக்குது?” என்றார் அண்ணன்.

சர்வர், சான்றிதழ், பூட்டு என்று விளக்கம் சொல்ல எனக்குத் தெரியும். அவர் கேட்டது அதை இல்லை. கடைசியில் சாமான் கடையிலிருந்து கையால் திருகி நேரம் வைக்கும் சாதாரண டைமர் ஒன்றை வாங்கி மாட்டினோம். செடிகள் பிழைத்தன. கேள்வி அப்படியே நிற்கிறது: காசு கட்டி முடித்த பிறகும் ஒரு பொருள் நம்முடையதாகாமல் இருப்பது நியாயமா?

இது நம் ஊர்த் தக்காளிக்காரர் தலையெழுத்து மட்டுமில்லை. 2015இல் அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டர் நிறுவனம் அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகத்திடம் வைத்த வாதம் பிரபலமானது. டிராக்டரை வாங்கிய விவசாயிக்கு இரும்பு சொந்தம்; அதை ஓட்டும் மென்பொருளைப் பொறுத்தவரை, வண்டி இருக்கும் வரை பயன்படுத்திக்கொள்ள அவருக்கு மறைமுகமான ஓர் உரிமம் மட்டுமே உண்டு. மென்பொருள் இல்லாமல் அந்த இரும்பு நகராது. ஆக, விவசாயிக்குச் சொந்தமானது பச்சைப் பெயிண்ட் அடித்த பாரம்.

2009 ஜூலையில் நடந்தது இன்னும் வேடிக்கை. அமேசானின் கிண்டிலில் ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகியவற்றின் சில பதிப்புகளைக் காசு கொடுத்து வாங்கியிருந்த வாசகர்களின் கருவிகளிலிருந்து அந்தப் புத்தகங்கள் காணாமல் போயின. அவற்றை விற்பனைக்கு ஏற்றியவருக்கு அந்த உரிமை இல்லை என்று தெரிந்ததும், நிறுவனம் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. எல்லாரையும் கண்காணிக்கும் அரசைப் பற்றிய நாவலா இப்படிப் போக வேண்டும் என்று உலகமே சிரித்தது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

பணம்தான் வந்துவிட்டதே, அப்புறம் என்ன நஷ்டம்? ஒரு பள்ளி மாணவன் அந்தப் புத்தகத்தைப் படித்தபடி பாடத்துக்காகக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தான். புத்தகம் போனதும் குறிப்புகள் எதற்கென்றே தெரியாத துண்டுகளாகிவிட்டன. அவன் வழக்குப் போட்டான். அவன் இழந்தது சில டாலர் இல்லை, அந்தப் பக்கங்களில் போட்ட உழைப்பு. விலையைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு பொருளோடு நாம் பழகிய நாட்களை எந்தக் கணக்கில் திருப்பி வரவு வைப்பது? சொந்தம் என்ற சொல்லின் இரண்டாவது அர்த்தம் இங்கேதான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை சிங்கர் தையல் மிஷின். அந்தக் கம்பெனி 1856இலேயே மிஷினைத் தவணைக்கு விற்க ஆரம்பித்துவிட்டது. நம் தோட்டத்துப் பாட்டிமார்களுக்கும் சிங்கர் என்றாலே தவணையும் சேர்ந்துதான் ஞாபகம் வரும். கடைசித் தவணை கட்டும் வரை சட்டப்படி மிஷின் விற்பவருடையது. ஆனால் முதல் நாளிலிருந்தே பாட்டி அதற்கு எண்ணெய் விட்டார், அறுந்த பெல்ட்டை மாற்றினார், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தைக்கக் கொடுத்தார். யாரிடமும் கேட்கவில்லை. மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டமும் இந்த உறவை ஓரளவு மதிக்கிறது. விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிய பிறகு தவணை தவறினால், நீதிமன்ற ஆணை இல்லாமல் பொருளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கடன் தீராத மிஷினுக்கு நீதிமன்றக் காவல். கடன் என்ற பேச்சே இல்லாத புத்தகத்தை அழிக்க ஒரு பொத்தான் போதுமாயிருந்தது.

கேமரன் மலைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிய செய்தியாக இருக்காது. ‘டிஓஎல்’ என்ற மூன்றெழுத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தற்காலிகமாக நிலத்தில் இருந்துகொள்ளக் கொடுக்கும் உரிமம். இங்கே பல காய்கறித் தோட்டங்கள் அதன்மேல்தான் நின்றிருக்கின்றன. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அது அந்த ஆண்டு முடிவுக்கு மேல் செல்லாது. புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் முடிந்தது. இப்போது உங்கள் விளையாட்டுக் கணக்கையோ மின்னூல் கணக்கையோ திறந்து, நீங்கள் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திய நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். உரிமம் உங்களுக்கு மட்டும். மாற்றித் தர முடியாது. பெரும்பாலும் பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. ஆயிரக்கணக்கான வெள்ளி கொட்டிய நம் மின்னூலகங்கள் எல்லாம் டிஓஎல் நிலங்கள்.

2016இல் ஐடா ஆக்கன் என்ற டென்மார்க் அரசியல்வாதி ஒரு கற்பனைக் கட்டுரை எழுதினார். 2030இல் ஒரு நகரம். யாருக்கும் வீடு, வண்டி, பாத்திரம் எதுவும் சொந்தமில்லை. எல்லாம் சேவையாகவே கிடைக்கும். அதைப் படித்து உலகத்தில் பலர் பயந்தார்கள், சிலர் ஆசைப்பட்டார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய இந்த மலைக்கு, அந்த எதிர்காலம் எப்போதோ வந்து போய்விட்டது. மலாயாத் தோட்டம் என்றாலே லயத்து வீடு கம்பெனியுடையது, ஆயாக் கொட்டகை கம்பெனியுடையது, மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் கம்பெனி ஆள். எல்லாமே சேவைதான். வேலை முடிந்தால் சேவையும் முடிந்தது. வாசலில் நட்ட முருங்கையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் சொன்ன ஒரு வாதத்தை இன்றும் தத்துவ வகுப்பில் நடத்துகிறார்கள். மனிதன் தன் உழைப்பைக் கலந்த பொருள் அவனுடையதாகிறது என்பது அதன் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது. அது உண்மையென்றால் இந்தத் தேயிலைச் சரிவுகள் யாருடையவை? கொழுந்து கிள்ளிய கைகளுக்கு ஏன் ஓர் அடிகூட எழுதப்படவில்லை? அதே வாதத்தை வைத்துத்தான், உழாத நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்று காலனியவாதிகள் பழங்குடிகளின் நிலங்களை எடுத்துக்கொண்டார்கள். இந்த மலைக்காட்டில் நமக்கெல்லாம் முன்பிருந்து வாழும் செமாய் மக்களிடம் லாக்கைக் கொண்டுபோய் நீட்ட எனக்குத் தைரியமில்லை.

அதனால் உழைத்தாலே உரிமை வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பராமரிப்புக்கு ஒரு மதிப்பு உண்டு, அதைக் கணக்கில் எடுக்காத உடைமைச் சட்டம் அரைகுறை என்றுதான் சொல்கிறேன். லயத்தில் பராமரிக்க விட்டார்கள், உடைமை தரவில்லை. கைப்பேசிக் கடையில் உடைமை என்று ரசீது தருகிறார்கள், பராமரிக்க விடுவதில்லை. ரசீதும் கையுமாக இரண்டும் சேர்ந்தால்தான் சொந்தம்.

என் தொழில்காரர்கள் பதில் வைத்திருப்பார்கள். பூட்டு இல்லாவிட்டால் திருடன் கைப்பேசியைப் பிரித்து விற்பான். பேட்டரியைத் திறக்க விட்டால் யாராவது கையைச் சுட்டுக்கொள்வார்கள். சர்வரை நடத்த மாதாமாதம் செலவு இருக்கிறது. மூன்றும் உண்மை. ஆனால் வீட்டுக்குப் பூட்டுப் போடும் ஆசாரி சாவியை வீட்டுக்காரரிடம்தான் கொடுப்பார், தன் இடுப்பில் செருகிக்கொண்டு போக மாட்டார். பூட்டு இருப்பதில் எனக்குச் சண்டையில்லை. சாவி யாரிடம் என்பதில்தான் சண்டை. சர்வரை மூடுவதென்றால் மூடட்டும். மூடுகிற அன்றைக்குக் கருவியை அவிழ்த்துவிட்டுப் போகலாமே. தொழில்நுட்பத்தில் பெரும்பாலும் அது ஒரு கடைசி அப்டேட். செய்யாததற்குக் காரணம், செய்யச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

இப்போது சில இடங்களில் கட்டாயப்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், பாகங்களை மென்பொருளால் பூட்டி வெளியாள் ரிப்பேரைத் தடுப்பதற்கு எதிராக 2024இல் சட்டம் போட்டது. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து, வெறும் உரிமத்தை விற்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து, சில விதிவிலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாட்ட முடிய வேண்டும். நம் நாட்டிலும் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. கூடவே, கிடைக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளவும் வழி விடுகிறது. தக்காளித் தோட்டத்துப் பெட்டிக்குச் சர்வரும் ஓர் உதிரிப் பாகமா? அந்தக் கேள்வியை இங்கே சத்தமாகக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வாடகைக்கு எடுப்பதில் எந்த அவமானமும் இல்லை. வாடகை என்று சொல்லி, வாடகைக்குத் தகுந்த காசை வாங்குங்கள். முழு விலையையும் வாங்கிக்கொண்டு வாடகைக்காரனாக நடத்துவதுதான் எனக்கு ஒப்பவில்லை. லயத்து வீட்டில் நாற்பது வருஷம் இருந்த பாட்டிகளுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனாலும் அந்த வீட்டை அவர்களுக்கு விற்றதாக யாரும் சொன்னதில்லை. நமக்குச் சொல்கிறார்கள், ரசீதும் தருகிறார்கள்.