வீண்பழியும் விளக்கும்

விநாயக சதுர்த்தி இரவில் நிலவைப் பார்த்தவர்களுக்கு வீண்பழி வந்து சேரும் என்ற நம்பிக்கை பாரதத்தின் பல பகுதிகளில் இருக்கிறது. அறியாமல் பார்த்துவிட்டால் ஸ்யமந்தக மணியின் வரலாற்றைக் கேட்க வேண்டும் என்பார்கள் பெரியோர். நிலவுக்கும் பழிக்கும் உள்ள தொடர்பை நாம் இங்கே ஆராய வேண்டியதில்லை. ஆனால் செய்யாத குற்றத்திற்காகப் பழிக்கப்பட்டவன் கேட்பதற்கு இந்தக் கதையையே தேர்ந்தெடுத்தார்களே, அதில் ஆழ்ந்த விவேகம் இருக்கிறது.

ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தம் அதை விரிவாகக் கூறுகிறது. சத்ராஜித் என்ற யாதவனிடம் ஸ்யமந்தக மணி இருந்தது. அதை மன்னர் உக்ரசேனருக்கு அளிக்கும்படி ஸ்ரீகிருஷ்ணர் ஒருமுறை கேட்டார், அவன் மறுத்துவிட்டான். பின்னர் அவனுடைய தம்பி பிரசேனன் அம்மணியை அணிந்து வேட்டைக்குச் சென்றான், திரும்பவில்லை. ‘என் தம்பியைக் கிருஷ்ணரே கொன்றிருக்க வேண்டும்’ என்றான் சத்ராஜித். மக்கள் ஒருவர் காதில் ஒருவர் அதையே ஓதத் தொடங்கினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீண்பழி பெரும்பாலும் வெறுங்காற்றிலிருந்து பிறப்பதில்லை. ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டுதான் வளர்கிறது. கிருஷ்ணர் மணியைக் கேட்டது உண்மை. அந்த ஓர் உண்மையின்மீது கேட்டவர்கள் ஒரு கொலையையே ஏற்றிவிட்டார்கள். ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்று நாமும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். புகையைக் கொண்டு நெருப்பை அனுமானிப்பதை உதாரணமாகக் காட்டும் நமது தர்க்க சாஸ்திரமே, கண்டது புகைதானா, மூடுபனியா என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும் என்றும் எச்சரிக்கிறது. பழமொழி சொல்பவர்கள் அந்த இரண்டாவது பாடத்தைப் படிப்பதில்லை.

கிருஷ்ணர் என்ன செய்தார்? சத்தியம் செய்யவில்லை. சத்ராஜித்தைச் சபிக்கவில்லை. ஊர்மக்களை உடன் அழைத்துக்கொண்டு பிரசேனன் சென்ற வழியே நடந்தார். அவனும் அவனது குதிரையும் சிங்கத்தால் கொல்லப்பட்டுக் கிடந்ததையும், அச்சிங்கம் ஒரு கரடியால் கொல்லப்பட்டிருந்ததையும் மக்கள் தம் கண்களாலேயே கண்டார்கள். பிறகு அவர்களை வெளியே நிறுத்திவிட்டு ஜாம்பவானின் குகைக்குள் தனியாக நுழைந்தார். போர் 28 நாட்கள் நடந்தது. வெளியே இருந்தவர்கள் 12 நாட்கள் காத்திருந்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார்கள். பழியின் சுமையில் பிறர் நம்முடன் வரக்கூடிய தூரம் அவ்வளவுதான் போலும்! மணியுடன் திரும்பிய கிருஷ்ணர், மன்னரின் முன்னிலையில், சபையில், நடந்ததைக் கூறி அதை உரியவனிடமே ஒப்படைத்தார்.

‘அபவாதம்’ என்ற வடசொல் ஒரு மொழிபெயர்ப்பாளனைச் சற்று நிறுத்தி வைக்கும். வழக்கில் அதற்குப் பழிச்சொல் என்பது பொருள். வேதாந்தத்திலோ அது நேர்மாறான வேலையைச் செய்கிறது. கயிற்றின்மீது பாம்பை ஏற்றிப் பார்ப்பது அத்யாரோபம். அந்த ஏற்றத்தை நீக்கிக் கயிற்றைக் கயிறாகக் காண்பது அபவாதம். இந்த நோக்கில் பார்த்தால் வீண்பழி என்பதே ஓர் அத்யாரோபம். நம்மிடம் இல்லாத ஒன்று நம்மீது ஏற்றப்படுகிறது. அவ்வாறு ஏற்றப்பட்டதன் குணமோ குற்றமோ ஆதாரத்தை அணுவளவும் தீண்டாது என்பது ஸ்ரீசங்கரரின் தீர்மானம். பாம்பென்று ஆயிரம் பேர் அலறினாலும் கயிற்றில் நஞ்சு ஊறாது.

ஆகவே பேசாமல் இருந்துவிடலாமா? நிந்தையையும் துதியையும் சமமாகக் கருதுபவனே தனக்குப் பிரியமான பக்தன் என்று கீதையின் 12-ஆம் அத்தியாயத்தில் பகவான் கூறுகிறாரே என்று கேட்கலாம். ஆனால் வேதாந்தம் கயிற்றின் நிலையைக் கூறியதோடு நின்றுவிடவில்லை. விளக்கையும் கொண்டுவரச் சொல்கிறது. விளக்கு கயிற்றுக்காக அல்ல, இருட்டில் நடுங்குபவனுக்காக. பழிக்கு மறுமொழி கூறுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. என் பெயர் காயப்பட்டது என்பதற்காக எழும் மறுமொழி அகங்காரத்தின் குரலாக மாறிவிட எவ்வளவோ வாய்ப்பு உண்டு. நம் மௌனத்தால் வேறொருவர் துன்புறுவார் என்றால், அந்த மௌனத்தைச் சமத்துவம் என்று சொல்லிக்கொள்வதற்கில்லை.

சுவாமி விவேகானந்தரின் வாழ்வில் 1894 அத்தகைய ஓர் ஆண்டு. சர்வமத மகாசபையின் வெற்றிக்குப் பின், அவர் யாருடைய பிரதிநிதியும் அல்லர், போலித் துறவி என்ற பேச்சு அமெரிக்காவில் பரவியது. அவருடைய ஒழுக்கமும் தூற்றப்பட்டது. அவர் தங்கியிருந்த சிகாகோ ஹேல் குடும்பத்திற்குப் பெயரில்லாத கடிதமே வந்தது. திரு ஹேல் அதை நெருப்பிலிட்டார். டெட்ராய்ட்டில் அவரை உபசரித்த திருமதி பாக்லி, மிச்சிகன் மாநில முன்னாள் ஆளுநரின் மனைவி, அவருக்காகத் துணிந்து கடிதங்கள் எழுதினார். சுவாமிஜி தம்மைத் தூற்றியவர்களோடு வாதத்தில் இறங்கவில்லை. எனினும் சென்னையில் பொதுக்கூட்டம் கூட்டித் தமது பணியை அங்கீகரிக்கும்படி அளசிங்கப் பெருமாளுக்கு எழுதினார். சென்னையில் 1894 ஏப்ரல் 28-ஆம் நாளிலும், கல்கத்தா நகர மண்டபத்தில் செப்டம்பர் 5-ஆம் நாளிலும் கூட்டங்கள் நடைபெற்றன. அவற்றிற்காக அவர் காத்திருந்த மாதங்களின் வேதனையை அக்காலக் கடிதங்கள் மறைக்கவில்லை. ஞானிக்கு வலிக்காது என்று எண்ணுபவர்கள் அவற்றைப் படிக்க வேண்டும். ஊரார் பேச்சை ஒதுக்கிவிட முடிந்த அவரால் ஒன்றை மட்டும் ஒதுக்க முடியவில்லை: கல்கத்தாவில் பரப்பப்படும் அவதூறு தம் வயதான தாயின் காதில் விழுந்தால் அவர் என்ன ஆவார்? தாய்க்காகவும், ஏற்றுக்கொண்ட பணிக்காகவுமே அவருக்கு அந்த விளக்கு தேவைப்பட்டது.

நம் காலத்தில் நாம் அறிந்தது விஞ்ஞானி நம்பி நாராயணனின் வழக்கு. ராக்கெட் தொழில்நுட்ப இரகசியங்களை வெளிநாட்டிற்கு விற்றதாக 1994 நவம்பரில் கைதானார். 50 நாட்கள் சிறையில் இருந்தார். 1996-இல் மத்தியப் புலனாய்வுத் துறை குற்றச்சாட்டு ஆதாரமற்றது என அறிக்கை அளித்தது. அதன் பிறகும் மாநில அரசு மறுவிசாரணைக்கு முயன்றபோது, 1998-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. களங்கம் நீங்கிய பின்னும் அவர் ஓயவில்லை. 2018 செப்டம்பர் 14-ஆம் நாள் அதே நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டதோடு, காவல்துறை அதிகாரிகளின் செயலை ஆராய ஒரு குழுவையும் அமைத்தது. விடுதலையான பிறகு இத்தனை ஆண்டுகள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பொய் எப்படி உருவாக்கப்பட்டது என்பது வெளிப்படாத வரை, அடுத்த கைதி யாராகவும் இருக்கலாம்.

ஆன்மிக அன்பர்களிடையே காணப்படும் ஒரு வழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பழிக்கு ஆளாகி வந்து நிற்பவரிடம், ‘எல்லாம் முற்பிறவி வினை’ என்று ஆறுதல் கூறுகிறோம். கர்மக் கொள்கை ஒருவன் தன் வாழ்வைத் தானே நோக்கிப் பொறுப்பேற்பதற்காக ஏற்பட்டது. அதைப் பிறரை நோக்கித் திருப்பினால் அதன் பொருள் என்ன ஆகிறது? ‘இந்தக் குற்றத்தை நீ செய்யவில்லையா? அப்படியானால் வேறொன்றைச் செய்திருப்பாய்.’ ஆறுதல் தேடி வந்தவர் இரண்டாவது பழியுடன் திரும்பிச் செல்கிறார். ‘நீ ஆன்மா, உன்னை எதுவும் தீண்டாது’ என்ற உயர்ந்த உண்மையைக்கூட அந்த நேரத்தில் சொல்லத் தேவையில்லை. கயிற்றுக்கு வலிக்காது, மனிதனுக்கு வலிக்கும். அவர் சொல்வதை முழுவதும் கேட்பதும், நமக்குத் தெரிந்த உண்மையை நாலு பேர் முன்னிலையில் சொல்லத் தயங்காமல் இருப்பதும் வேதாந்தத்திற்குக் குறைந்தவை அல்ல.

ஸ்யமந்தக மணியின் கதை நாம் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் முடிவதில்லை. பின்னாளில் சததன்வா என்பவன் சத்ராஜித்தைக் கொன்று மணியைக் கவர்ந்து, அதை அக்ரூரரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினான். கிருஷ்ணர் அவனைத் துரத்திக் கொன்றார். மணி அவனிடம் இல்லை. இம்முறை ஐயம் வந்தது ஊராரிடமிருந்து அல்ல, உடன்பிறந்த பலராமரிடமிருந்து. கிருஷ்ணர் அக்ரூரரை அழைத்தார். ‘மணி உம்மிடம் இருப்பதை அறிவேன், அது உம்மிடமே இருக்கட்டும். ஆனால் இவ்விஷயத்தில் என் அண்ணா என்னை முழுவதும் நம்பவில்லை. ஒருமுறை உறவினர்களுக்குக் காட்டும்’ என்ற பொருளில் அவரிடம் பேசினார். துணியில் மறைத்து வைத்திருந்த மணியை அக்ரூரர் எடுத்துக் கொடுத்தார். கிருஷ்ணர் அதை உறவினர்கள் அனைவருக்கும் காட்டினார். பிறகு அக்ரூரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.