எட்ட நின்று பார்ப்பது

மலை உச்சியை அடைந்த மனிதன் முதலில் மூச்சு வாங்குவான். அடுத்தபடியாகத் தண்ணீர் குடிப்பான். பிறகு திரும்பி நின்று, ஏறி வந்த வழியையும் அதற்கப்பால் விரிந்து கிடக்கும் உலகத்தையும் பார்ப்பான். இது ஆதி நாளிலிருந்து வருகிற வழக்கம். இப்போது மூன்றாவது காரியத்தில் மட்டும் ஒரு சிறு மாறுதல். செல்போனை நெஞ்சுக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு, சந்நிதியில் ஆத்மப் பிரதட்சிணம் செய்பவனைப் போல, நின்ற இடத்திலேயே மெல்லச் சுழல்கிறான். கண்ணுக்கு எட்டிய பூமி முழுவதும் ஒரு நீளப் படமாக அவன் உள்ளங்கையில் வந்து விழுகிறது. பனோரமா என்று அதற்குப் பெயர்.

விருதுநகர் மாவட்டத்தில் இதைக் காண வேண்டுமானால் சதுரகிரிக்குப் போக வேண்டும். வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து பாறையும் வேருமாகச் செல்லும் பாதையில் மணிக்கணக்காக ஏறி, சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்க வருகிறவர்கள், மரங்கள் விலகி வெளி திறக்கும் இடங்களில் இப்படிச் சுழன்று நிற்பார்கள். கீழே தென்னந்தோப்பும் வயலும். அதற்கப்பால் கிழக்கே கானல் ஓடும் வறண்ட சமவெளி. சிவகாசியும் விருதுநகரும் அந்தத் திசையில்தான்.

இந்தச் சுழற்சியைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. "கடவுள் கொடுத்த கண் இருக்கும்போது கருவி எதற்கு?" என்பார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. காசிக்குப் போனவர் செம்பில் கங்கை கொண்டுவந்து, போக முடியாத கிழவிக்கு ஒரு சொட்டு வாயில் விடுவதில்லையா? முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கும் தாய்க்கு மலையைக் கொண்டுபோய்க் காட்ட நினைப்பவனும் அந்த ஜாதியைச் சேர்ந்தவனே. மேலும், நம்மில் யாருக்குத்தான் அகலமான காட்சியின்மேல் ஆசை இல்லை? பனிமலையும் ஏரியும் அச்சிட்ட சிவகாசிக் காலண்டர்களை நம் வீட்டுச் சுவர்கள் எத்தனை ஆண்டுகள் சுமந்திருக்கின்றன! பனியையே அறியாத ஊர் நமக்குப் பனிமலையை அச்சடித்துக் கொடுத்தது. நாம் அதில் தேதி கிழித்தோம்.

ஆகவே படம் எடுப்பது சரியா, தவறா என்பதல்ல கேள்வி. அந்தப் படம் எப்படி உண்டாகிறது என்று பார்க்கும்போதுதான் உண்மையான கேள்வி எழுகிறது.

நீளப் படம் ஒரே நொடியில் எடுத்ததன்று. நாம் திரும்பத் திரும்பக் கருவி சிறு சிறு பட்டைகளாகக் காட்சியைச் சேர்த்து, ஓரங்கள் ஒத்துவரும் இடம் பார்த்து ஒட்டுகிறது. இடக்கோடியில் இருக்கும் மேகம் ஒரு நேரத்தது. வலக்கோடியில் இருக்கும் மேகம் வேறொரு நேரத்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. தூரத்து மலைகள் சொன்னபடி கேட்கும், பழுதில்லாமல் ஒட்டிக்கொள்ளும். அருகில் இருப்பவைதான் தொல்லை. கை சற்றே அசைந்தாலும் பக்கத்துக் கம்பி இரண்டாக முறிந்து நிற்கும். குறுக்கே நடந்த மனிதர் தலை ஓரிடம், கால் ஓரிடமாகத் துண்டுபட்டுப் போவார். அல்லது ஒரே படத்தில் இரண்டு தடவை தோன்றுவார். படம் நன்றாக வர வேண்டுமானால் பக்கத்தில் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும்.

கருவியின் குறை இது. நம் மனத்தின் குறையும் இதுவேதானோ என்று எனக்கு ஐயம்.

பனோரமா செல்போனோடு பிறந்ததன்று. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் 1787-ல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். பிறகு லண்டனில் வட்டமான கட்டடம் ஒன்று எழுப்பி, உட்சுவரைச் சுற்றிலும் நகரங்களையும் போர்க்களங்களையும் ஓவியமாக வைத்தார்கள். ஜனங்கள் காசு கொடுத்து உள்ளே போய் நடுவில் நின்றார்கள். சுற்றிலும் உலகம், நடுவில் நான். எதுவும் என்னைத் தொடாது. இந்தச் சுகத்தை வள்ளுவர் அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார். கைப்பொருள் உள்ளவன் காரியம் செய்வதைச் சொல்லும்போது, குன்றின்மேல் ஏறி நின்று யானைப் போரைப் பார்ப்பதைத்தான் உவமையாக எடுத்தார். போரும் தெரிய வேண்டும். தந்தமும் நம்மேல் படக் கூடாது!

சதுரகிரியிலிருந்து கிழக்கே பார்க்கும்போது நமக்குக் கிடைப்பதும் அந்த இடம்தான். சமவெளிக்கு இறங்கிச் சிவகாசிப் பக்கம் போனால், கரிசல் காட்டில் சின்னச் சின்ன அறைகள் ஒன்றுக்கொன்று எட்ட எட்ட நிற்பதைக் காணலாம். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் குழந்தை பரப்பி வைத்த சொப்புகள் போல அழகாகவே இருக்கும். ஆனால் அந்த இடைவெளி அழகுக்காக விட்டதன்று. ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்று, சட்டம் அச்சத்தை அளந்து விட்ட இடைவெளி அது. உள்ளே இத்தனை பேர்தான் இருக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. அலுமினியப் பொடியால் வெள்ளி பூசியது போன்ற கைகளோடு அங்கே மருந்து அடைக்கிறார்கள், திரி வைக்கிறார்கள்.

மழை பொய்க்கும் மண் அது. எந்த வறட்சி உழவனைக் கைவிட்டதோ, அதுவே மருந்து உலர்வதற்கு வாகாயிற்று. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். பட்டாசும் அச்சும் அதன் பின்னே வளர்ந்தன. வானத்தில் நாம் காணும் பூவாணம் அந்த வறட்சியின் விளைச்சல்.

இங்கே ஒரு தடை எழும். "அருகே போவதுதான் அறமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி, சிவகாசியை அடுத்த முதலிபட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். புகையைக் கண்டு ஓடிவந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். சிலர் காப்பாற்ற ஓடினார்கள். சிலர் என்னவென்று பார்க்க ஓடினார்கள். மரணம் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. நாமும் பிரித்துப் பார்த்துக் குறை சொல்ல வேண்டாம். அன்று எட்ட நின்றவனே பிழைத்தான் என்பது உண்மை.

ஆனால் அந்த நிகழ்ச்சி வேறொன்றையும் சொல்லுகிறது. காலால் நெருங்குவது வேறு. மனத்தால் நெருங்குவது வேறு. பக்கத்தில் நின்றுகொண்டே வேடிக்கை பார்க்கலாம். நூறு மைலுக்கு அப்பால் இருந்துகொண்டே பொறுப்பை உணரலாம். 'பட்டாசு ஆலை விபத்து: இத்தனை பேர் பலி' என்று பத்திரிகையில் படிக்கிறோமே, அதுவும் ஒரு நீளப் படம்தான். ஓரங்கள் எல்லாம் ஒழுங்காக ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பூட்டிய வீட்டு வாசலில் காத்திருந்த ஒரு பையன் அதில் இருக்க மாட்டான். அவன் அருகில் இருப்பவன், ஒட்ட வராதவன்.

அப்படியானால் மலைமேலிருந்து கண்ட அழகு பொய்யா? அல்ல. கீழிருந்து பார்ப்பவனுக்கு அந்த மலையும் நீல நிறமாக, சாந்தமாகத்தான் தெரிகிறது. 2015 மே மாதம் ஒரு நாள் அதே மலைப் பாதையில் காட்டாற்று வெள்ளம் திடீரென்று பாய்ந்து பக்தர்களைக் கொண்டுபோயிற்று. அதனால் நீலம் பொய்யாகிவிடவில்லை. அழகு மெய்தான்; ஆனால் முழு மெய் அன்று. மீதியைத் தேடும் கடமையை அது பார்த்தவன் தலையில் வைக்கிறது. அழகை அனுபவித்தவன் கடன்காரன்.

கதை எழுதுகிறவனுக்கு இந்தக் கடன் சற்று அதிகம். 'கரிசல் மக்கள்', 'தொழிலாளர் வர்க்கம்' என்று அகலமாக எழுதுவது எளிது. வரிசையில் ஒட்டாத ஒரு முகம் குறுக்கே வரும்போதுதான் கதை பிறக்கிறது. ஆனால் மற்றவர்களுக்கும் கடன் இல்லாமல் இல்லை. தீபாவளிக்கு முன் கடையில் பெட்டி விலை மிகவும் மலிவாக இருந்தால் நாம் மகிழ்கிறோம். ஏன் மலிவு? உரிமம் இல்லாமல், இடைவெளி இல்லாமல், குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே யாரோ மருந்து இடித்த மலிவா அது? அந்தக் கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்க இரண்டு நிமிஷம் ஆகும். உரிமம் பெற்ற ஆலையின் பெயர் பெட்டிமேல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

படம் எடுக்கட்டும்; தாராளமாக எடுக்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு விரலால் அதை விரித்துப் பார்க்கவும் வேண்டும். அகலத்தைக் கருவி காட்டிவிடும். அங்கே கிழக்கு ஓரத்தில் தெரிகிற வெள்ளைப் புள்ளிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியவர் நாம்தான்.