கட்டி வைத்த உயிரும் உண்ணியும்

நாயின் காதிலும் குதிரையின் பிடரியிலும் ஒட்டிக் குருதி உறிஞ்சும் உண்ணியை அகற்றுவது ஹிம்சையாகுமா? நம் இல்லங்களில் இவ்வினா எழுவதுண்டு. அதுவும் ஓர் உயிர்தானே என்று கூறி வாளாவிருப்பவரும் நம்மிடையே உளர். அவ்வமைதி கருணையா, சோம்பலா என்பதே என் ஐயம்.

தத்துவார்த்த சூத்திரம் உயிரைப் போக்குவதை மட்டும் ஹிம்சை என்று கூறி நிறுத்தவில்லை. பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அதனோடு சேர்த்தே கூறுகிறது. அஹிம்சாணுவிரதத்தின் அதிசாரங்களாக அந்நூல் கூறும் ஐந்தாவன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், ஊண்நீர் மறுத்தல். கட்டுதல் முதலில் நிற்பதை நாம் கவனிப்பதில்லை.

எங்கள் குமாரபாளையத்தில் விசைத்தறிக் கூடங்களின் வாயிலில் காவல் நாய்கள் இரவும் பகலும் சங்கிலியில் கிடக்கும். நாய் உண்ணியோ மூன்று பருவங்களிலும் குருதி உண்டபின் கீழே உதிர்ந்து, அருகிலுள்ள சுவர் வெடிப்பில் ஒளிகிறது. தோலுரித்தபின் மீண்டும் ஏறுகிறது. முதிர்ந்த பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிகிறது. கட்டிய நாய்க்கு அவ்விடத்தை விட்டு அகல வழியில்லை. எர்லிக்கியா, பபேசியா முதலிய நோய்கள் பற்றினால் அது காய்ச்சலுற்று, உணவு மறுத்து, சிலபோது மூக்கில் குருதி வடியக் கிடக்கும். சங்கிலியைப் பூட்டியவர் உண்ணியின் வினையைப் பேசுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

மனிதரும் தப்புவதில்லை. 1957ஆம் ஆண்டில், அந்நாளைய மைசூர் மாநிலத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்ததோடு மக்களையும் பற்றிய காய்ச்சலைப் பரப்பியது காட்டு உண்ணி. நாய் உண்ணி வேறு இனம். எனினும் அதுவும் மனிதருக்கு ஒருவகைக் காய்ச்சலைத் தரவல்லது.

ஆயினும் கொடிய உயிர் ஒன்றைக் கொன்றால் பல உயிர் பிழைக்கும் என்றெண்ணிக் கொல்லலாகாது என அமிர்தசந்திராசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் கூறுகிறார். ஆகவே மருந்தால் உண்ணி மடிவதை அறம் என்று பெயரிட்டு நம்மை ஏமாற்றிக்கொள்ள வேண்டா. அது ஹிம்சையே. இல்லறத்தார் தற்காப்பின்பொருட்டு ஏற்கும் விரோதி ஹிம்சையாகக் கொண்டு, அதனைக் குறைப்பதே நம்மால் இயல்வது. குறைக்கும் வழி முன்விழிப்புதான். இன்று பத்து உண்ணியைப் பொருட்படுத்தாதவர், மூன்று திங்களில் சுவரெங்கும் தீக்காட்டி ஆயிரத்தைக் கொல்வார்!

சுவர் வெடிப்புகளைப் பூசி அடைக்கலாம். நாள்தோறும் காது, கழுத்து, விரலிடுக்குகளைத் தடவிப் பார்க்கலாம். ஒட்டியிருப்பதைச் சாமணத்தால் தோலருகே பற்றி நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் விரலால் நசுக்குவதும் தீது. புல்வெளியில் மேய்ப்போர் கால்களை மூடி உடுத்தி, வீடு திரும்பியதும் உடலைச் சோதிப்பது நலம். கழுத்துப்பட்டையோ மாத்திரையோ கால்நடை மருத்துவர் கூறியவாறே தருக.

அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்குவோருக்கு ஒன்று கூறுவேன். பிடரியையும் வாலடியையும் விலக்கிப் பார்த்தே அழைத்து வருக. நாய்க்குப் பயன்படும் அமிட்ராஸ் கழுவு மருந்தைக் குதிரைக்குப் பூசலாகாது. குடலியக்கம் தடைப்பட்டு உயிருக்கே இடர் நேரும்.