அஞ்சேல் எனும் அறம்



நம் ஆகமங்கள் தானத்தை நான்காக வகுத்துள்ளன. ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்பன அவை. பசித்தவர்க்கு உணவும், பிணியாளர்க்கு மருந்தும், கற்பவர்க்கு நூலும் நம் இல்லறத்தார் இயன்றவரை அளித்து வருகின்றனர். நான்காவதாகிய அபயதானமோ பொருளால் மட்டும் முடிவதன்று. அஞ்சி நடுங்கும் உயிர்க்கு, என்னால் உனக்குத் தீங்கில்லை என்று சொல்லாலும் செயலாலும் உணர்த்துவது அது. இத்தானத்தை விலங்குகள் நம்மிடமிருந்து பெறுவதை அறிவோம். அவையும் நமக்கு அதனை வழங்கக் கூடுமோ என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

மூன்றாம் தீர்த்தங்கரராகிய சம்பவநாத சுவாமிகளின் இலாஞ்சனம் குதிரை. ஐம்பொறிகளோடு மனமும் பெற்ற உயிர் அது. அத்தகைய உயிர் விலங்குப் பிறப்பிலேயே நற்காட்சி எய்தலாம் என்பது நம் சித்தாந்தம். சீவக சிந்தாமணியில், அடியுண்டு உயிர் பிரியும் நிலையிலிருந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து, பின்னர்ச் சீவகன் உயிர்க்கே இடர் வந்தபோது அவனைக் காத்தது. உயிர்கள் ஒன்றற்கொன்று துணையாதலை உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் உயிரின் பயன்பாடாகவே கூறியிருப்பதும் நினைக்கத்தக்கது.

இதற்கு நம் காலத்துச் சான்று ஒன்றினைக் காண்போம். அமெரிக்க நாட்டில் 1962இல் பிறந்த பக் பிரான்னமன் என்பவர், சிறுவயதில் தம் தமையனாருடன் கயிறு சுழற்றி வித்தை காட்டியவர். அவ்வித்தை பிழைபடாதிருக்க வேண்டுமெனத் தந்தை அவ்விருவரையும் கொடுமையாக அடித்து வந்தார். தாய் இறந்தபின் காப்பதற்கும் ஆளில்லை. பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் ஒருவர் தற்செயலாகச் சிறுவனின் முதுகைக் கண்டார். அதிலிருந்த தழும்புகள் அனைத்தையும் கூறின. காவல் அதிகாரி ஒருவர் தலையிட்டார். பிள்ளைகள் மான்டானா மாநிலத்தில் பண்ணை ஒன்றை நடத்திய வளர்ப்புப் பெற்றோரிடம் சேர்க்கப்பட்டனர்.

புதிய இல்லத்திலும் அவனுக்கு ஆடவர் என்றாலே அச்சம். வளர்ப்புத் தந்தை அறிவுரை ஏதும் கூறவில்லை. நடந்தவற்றைத் துருவிக் கேட்கவுமில்லை. தோல் கையுறை ஒன்றைக் கொடுத்து, வேலி சீரமைக்கும் வேலைக்கு உடன் அழைத்துச் சென்றார். பின்னர் அப்பிள்ளை இளைஞனாகிக் குதிரைகளைப் பழக்கக் கற்றான். அடித்து அடக்கும் பழைய முறையை விடுத்து, குதிரையின் மனமறிந்து பழக்கிய ரே ஹன்ட் என்பவர் அவனுக்கு ஆசான் ஆனார். விபத்தில் காலிழந்த சிறுமியும் அவ்விபத்திலேயே வெறிகொண்ட அவள் குதிரையும் ஒருங்கே தேறும் கதையைக் கூறும் 'தி ஹார்ஸ் விஸ்பரர்' திரைப்படம் 1998இல் வெளிவந்தது. அதற்குக் குதிரைகள் பற்றி ஆலோசனை வழங்கியவர் இவரே. இவர்தம் வாழ்க்கையும் 2011இல் ஆவணப்படமாயிற்று.

அடிபட்ட பிள்ளைக்குக் குதிரை எவ்வாறு துணையாயிற்று? குதிரை பிற விலங்குகட்கு இரையாகும் இனம். தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் ஏறத்தாழச் சுற்றிலும் நோக்கும். சிறிய ஓசைக்கும் செவி திருப்பும். ஐயம் தோன்றின் ஓடிவிடும். மனக்காயமுற்ற பிள்ளையும் அவ்வாறே எந்நேரமும் விழிப்போடு, அடி எங்கிருந்து வருமோ என்று காத்திருக்கின்றது. ஆகவே அப்பிள்ளை தன் நிலையைக் குதிரையிடம் காண்கின்றது. ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடையுள்ள அவ்விலங்கை வலிமையால் வெல்ல இயலாது. தோள் தளர்ந்து, மூச்சு சீராகி, கை மெல்ல நீண்டால்தான் அது நெருங்கும். குதிரையை அமைதிப்படுத்த முயலும் பிள்ளை, அதற்கெனத் தன்னையே முதலில் அமைதிப்படுத்திக்கொள்கின்றது.

மேலைநாடுகளில் இன்று இது முறையான துணைச் சிகிச்சையாக வளர்ந்துள்ளது. 1999இல் அமெரிக்காவில் மனநலப் பணிக்கெனவே ஒரு சங்கம் தோன்றியது. அதன் முறையில் மனநல வல்லுநர் ஒருவரும் குதிரைகளை அறிந்த ஒருவரும் உடனிருப்பர். சவாரி இல்லை, தரையில் நின்றே பழகுதல், மேனி தேய்த்தல், கயிறு பிடித்து நடத்துதல் போன்றவையே பயிற்சி. ஆய்வுகள் இன்னும் சிறிய அளவிலேயே உள்ளன. மருத்துவரின் சிகிச்சைக்கு இது மாற்றாகாது என்பதையும் நினைவிற் கொள்க.

பவ்யர்களே! இவ்விடத்தே நம் அறம் ஒரு நிபந்தனை விதிக்கின்றது. கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். பிள்ளையின் நலத்தின் பெயரால் குதிரைக்கு இவற்றுள் ஒன்றையேனும் செய்தால் அது சிகிச்சையும் ஆகாது, அறமும் ஆகாது. அஞ்சிய குதிரை அஞ்சிய பிள்ளைக்கு அபயம் தர இயலாதன்றோ!

அதே ஐந்தையும் நம் இல்லங்களுக்குள்ளும் கொண்டு சென்று எண்ணிப்பார்ப்போம். எறும்பு மிதிபடாமல் பார்த்து நடக்கின்றோம். இரவு உணவைத் தவிர்க்கின்றோம். நீரை வடிகட்டி அருந்துகின்றோம். ஆனால் மதிப்பெண் குறைந்ததென்று பிள்ளையின் முதுகில் விழும் அடி வதம் அன்றோ? வயதிற்கு மீறிய எதிர்பார்ப்பு அளவிறந்த சுமை அன்றோ? கோபத்தில் சோறிடாமல் இருத்தல் உணவு தடுத்தல் அன்றோ? பிறர்க்குத் துன்பமும் அழுகையும் விளைப்பது தமக்கே அசாதா வேதனீயத்தை ஈட்டித் தரும் என்று நூல்கள் எச்சரிக்கின்றன.

துன்புற்ற பிள்ளையைக் கண்டு, அது அதன் வினைப்பயன் என்று கூறி ஒதுங்குவாரும் உளர். வினை உதயத்திற்கு வரும். அவ்வேளையில் துணை நிற்பது நம் கடமை. அந்த விளையாட்டு ஆசிரியர் கண்டதைக் காணாததுபோல் சென்றிருப்பின் அச்சிறுவன் என்னாகியிருப்பான்? ஆகவே திடீரெனப் பேச்சடங்கிய பிள்ளையையும், உறக்கத்தில் அலறும் பிள்ளையையும், காரணமின்றிச் சீறும் பிள்ளையையும் கடிந்துகொள்ளாதீர். அருகில் அமருங்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர், அடிக்கும் கை எவருடையதாயினும் தடுத்து நிறுத்துங்கள்.

குதிரைகள் நம் நாட்டில் எல்லார்க்கும் கிட்டா. குதிரை வழங்கிய அபயமோ ஒவ்வோர் இல்லத்திலும் வழங்கத்தக்கது. ஓங்கிய கையைத் தாழ்த்துவதில் அது தொடங்குகின்றது. சம்பவநாதர் திருவடி பணிந்து, நம் இல்லத்து இளம் உயிர்கட்கு அத்தானத்தை இன்றே தொடங்குவோமாக.

அறம் வளர்க! அச்சம் அகல்க!