பூனைக்குட்டியா, குரங்குக்குட்டியா?

நான் தென்கலை வைணவன், மனைவி காஞ்சிபுரத்து வடகலை வீட்டுப் பெண். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகிறது, குட்டிக்கு வேலையே இல்லை, பகவானின் அருளும் அப்படித்தான் என்பது எங்கள் பிள்ளை லோகாசாரியர் வழி. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய வேதாந்த தேசிகர் வழி. என் வலது கண்ணில் விழித்திரை விலகியபோது அந்த வழக்கு ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டது.

ஆபரேஷன் மேசையில் நான் பூனைக்குட்டிதான். கண்ணோரம் மரப்பு ஊசி. மற்றதெல்லாம் டாக்டர் கை. உள்ளிருந்த கூழை எடுத்து, கிழிசலைச் சுற்றி லேசரால் சுட்டு, கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார். அது மேலே எழும்பித் திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் நான் குப்புறவே கிடக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் குனிந்தபடி. பின்கழுத்து கல்லாகிவிட்டது. சொட்டு மருந்து விடுமுன் கை கழுவ வேண்டும், குப்பியின் முனை இமையில் படக்கூடாது, ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் 5 நிமிட இடைவெளி. தலைக்குக் குளியல் கிடையாது. சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானமும் போயிற்று. மனைவி திருமலைக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். "வாயு கரையும்வரை மலையும் கூடாது, விமானமும் கூடாது" என்றார் டாக்டர். உயரம் போகப்போகக் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் வாயு விரியும், பார்வையே போய்விடலாம். திருமலை ஏறத்தாழ 2,800 அடி. பெருமாள் காத்திருந்தார்.

"ஏன்னா, பிடிச்சுண்டிருக்கறது நீங்கதானே?" என்றாள் மனைவி.

தரையைப் பார்த்தபடியே யோசித்தேன். வாயு சில வாரங்களில் தானே கரைந்துவிடும். அதற்குள் லேசர் சுட்ட இடம் தழும்பாக இறுகித் திரை ஒட்டிக்கொள்கிறது. சுட்டது டாக்டர், தழும்பை வளர்த்தது அவருமில்லை, நானுமில்லை. தென்கலையார் ஜீவனிடம் கேட்பது விலக்காமை ஒன்றைத்தான்: வருகிற அருளைத் தட்டிவிடாதிருப்பது. நான் குப்புறக் கிடந்தது அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதைச் சாதனை என்று கணக்கெழுத முடியாது. விலக்காமைக்கே கழுத்து இத்தனை வலிக்கும் என்று எங்கள் ஆசாரியர்கள் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்! ராத்திரி தூக்கத்தில் மல்லாந்தபோதெல்லாம் உலுக்கித் திருப்பிப் போட்டது அவள். அதற்காக தேசிகர் கட்சிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் வழக்கில்லை. கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறந்தாலோ, பார்வையின் ஓரத்திலிருந்து நிழல் திரைபோல் இறங்கினாலோ, பகவான் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். விழித்திரையின் நடுப்பகுதி விலகுமுன் சிகிச்சை கிடைத்தால்தான் பார்வை நன்றாகத் திரும்ப வழியுண்டு. அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.