பிரம்மாஸ்திரமும் இரண்டாவது பேட்டரியும்

டெல்லி லோதி ரோட்டின் மேற்கு முனையில், சப்தர்ஜங் கல்லறைக்குத் தெற்கே விரியும் பழைய விமானத்தளம், எஞ்சின் இன்றி ஏறுகாற்றையே நம்பி மிதக்கும் கிளைடர் விமானங்களின் இந்திய வரலாற்றில் மறக்கக்கூடாத இடமாகும். டெல்லி கிளைடிங் கிளப் பறந்தது அங்கேதான். சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் 1950களின் பிற்பகுதியிலிருந்து உருவாக்கிய கிளைடர்கள், அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரிடம் என நட்சத்திரப் பெயர்களை அழகாகத் தாங்கின. அக்காலக் கிளைடரில் உயரமானியும் வேகமானியும் காற்றழுத்தத்தாலேயே இயங்கியதால் மின்சாரத்தின் தேவை மிகக் குறைவு. இன்றோ வானொலி, டிரான்ஸ்பாண்டர், ஏற்ற இறக்கத்தை ஒலியால் உணர்த்தும் வேரியோமீட்டர், பறப்புப் பதிவுக் கருவி ஆகிய அனைத்தும் 12 வோல்ட் பேட்டரியை எதிர்பார்க்கின்றன; மின்னாக்கியைச் சுழற்ற எஞ்சின் இல்லாததால், தரையில் ஏற்றிய மின்சாரமே பெரும்பாலும் முழு முதலாக அமைய, நெடும்பயணம் செல்வோர் இரண்டு பேட்டரிகளைப் பொருத்துகின்றனர்.

இரண்டாவதைத் தேடுவது முதலாவதின் மேல் நம்பிக்கைக் குறைவா என்னும் வினாவை, ஸ்ரீவைஷ்ணவ மரபு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மிகக் கூர்மையாக எழுப்பியுள்ளது. இறைவனையே வழியாகப் பற்றும் சரணாகதிக்கு ஐந்து அங்கங்கள் உண்டு. அவற்றுள் மகாவிசுவாசம் என்பது, அவன் காப்பான் என்ற அசையாத உறுதி. இதை விளக்க ஆசாரியர்கள் சுந்தர காண்ட நிகழ்ச்சியைக் காட்டுவர்: இந்திரஜித்தின் பிரம்மாஸ்திரத்தால் கட்டுண்ட அனுமனை அரக்கர்கள் கயிறுகளாலும் பிணைக்க, வேறொரு கட்டைப் பொறாத அஸ்திரம் தானாகவே நழுவிவிட்டது. சரணாகதியோடு மற்றொரு உபாயத்தை, அதாவது வீடுபேற்றுக்கான வேறொரு வழியைச் சேர்த்தால், சரணாகதியும் அவ்வாறே விலகும் என்பது அவர்கள் முடிவு.

பேட்டரிகளின் இணைப்பு முறையிலும் இதையொத்த கண்டிப்பு உண்டு. நிறைந்த பேட்டரியையும் தளர்ந்த பேட்டரியையும் நேராக இணைத்தால், நிறைந்தது கருவிகளுக்குப் பயன்படுவதற்கு முன்பே மற்றதற்குள் பாய்ந்து கொட்டும். அந்தப் பாய்ச்சலில் கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பது, பேட்டரி முனையருகே வைக்கும் ஃபியூஸ் மட்டுமே. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றையே இணைக்கும் தேர்வு சுவிட்ச் பொருத்தப்படுகிறது. ஆனால் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தொடும் இடைக்கணத்தில் மின்சாரம் அறுந்து கருவிகள் அணைந்து எழக்கூடும், பதிவும் துண்டிக்கப்படலாம். இதைத் தவிர்க்க, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒவ்வொரு பேட்டரியின் வழியிலும் வைக்கப்படும். அப்போது மின்னழுத்தம் மிகுந்தது தானாகவே பணியை ஏற்கும், பின்னோட்டமும் நிகழாது. அதற்கு விலையாகச் சிறிது மின்னழுத்தம் குறையும். சாதாரண சிலிக்கான் டையோடில் இது ஏறத்தாழ 0.7 வோல்ட்.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும், இரண்டாவது பேட்டரியை அரக்கர் கட்டிய கயிறு எனக் கொள்வது பிழையாகும். கிளைடரைத் தாங்குவது இறக்கையும் காற்றுமேயன்றி பேட்டரி அன்று. இரண்டும் ஒருங்கே தீர்ந்தாலும் விமானம் உடனே வீழ்வதில்லை, விமானியின் வானொலிப் பேச்சும் சில கருவிகளின் காட்டலுமே அற்றுப்போகும். அதுபோலவே, சரணடைந்தவன் அதன்பின் செய்யும் நற்செயல்களை மரபு கைங்கரியம், அதாவது பயன் கருதாத் தொண்டு என்றே கொள்கிறது. அவை அவனைத் தாங்குவதற்காகச் செய்யப்படுபவை அல்ல என்பதால், எத்தனை பெருகினும் நம்பிக்கைக்கு ஊறு நேர்வதில்லை. முன்னேற்பாட்டையெல்லாம் ஐயத்தின் அடையாளமாகக் கண்டு ஒதுக்குவோர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர். தாங்கும் பொருளுக்கு மாற்றுத் தேடுவது வேறு, தாங்கப்பட்ட நிலையில் கடமையைச் செவ்வனே ஆற்றக் கருவி சேர்ப்பது வேறு.

சரணடையும் செயலைப் பற்றி ஸ்ரீவைஷ்ணவத்தின் இரு பிரிவுகளான வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள வேறுபாடும் இங்கு நினைக்கத்தக்கது. அருளுக்கு ஒரு வியாஜம், அதாவது காரணமாகக் காட்டத்தக்க சிறு செயல், சேதனனிடம், அதாவது உயிரிடம், வேண்டும் என்று வடகலையாரான வேதாந்த தேசிகர் வழியினர் கொள்ள, அச்செயலையும் வழியாக எண்ணலாகாது என்று தென்கலையாரான பிள்ளை லோகாசாரியர் வழியினர் கூறுவர். கையால் திருப்பும் சுவிட்சும் தானே மாற்றும் டையோடும் இவ்வழக்கைத் தீர்க்கப் போதுமானவை அல்ல, ஏனெனில் டையோடையும் முன்பே ஒரு கைதான் பொருத்தியிருக்கிறது. அந்தக் கையை இயக்கியது எது என்பதிலேயே இரு கலையாரும் வாதிடுகின்றனர்.